லோயாட்டில் தொங்கும் பேனாக்கள்: உள்ளங்கையைத் திரையில் வைத்து எழுத எது ஒத்துவரும்?

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் இருக்கும் லோயாட் பிளாசாவுக்குள் நுழைந்து, டேப் உறையும் சார்ஜர் கம்பியும் விற்கும் ஏதாவது ஒரு கடை முன்னால் நின்று பாருங்கள். ஸ்டைலஸ் பேனாக்கள் கொத்தாகத் தொங்கும். வெள்ளை உடல், மெல்லிய முனை, தலைப்பக்கம் ஒரு சிறு விளக்கு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்றில் ‘எல்லாத் தொடுதிரைக்கும் ஏற்றது’ என்று அச்சடித்திருப்பார்கள். மற்றதில் ‘2018 முதல் வந்த ஐபேடுக்கு மட்டும்’ என்றிருக்கும். எல்லாவற்றுக்கும் பொருந்துவதுதானே நல்லது என்று முதல் பெட்டியை எடுத்து வந்துவிடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து எழுதத் தொடங்கி, உள்ளங்கை திரையில் பட்டதும் பக்கம் நகர்கிறது, எழுத்து திடீரென்று பெரிதாகிறது, கையோரத்தில் கீறல் கீறலாகக் கோடு விழுகிறது. பேனாவில் பழுது ஒன்றும் இல்லை. அந்த வகைப் பேனாவுக்கு அவ்வளவுதான் முடியும்.

எந்த பிராண்டு முதலிடம் என்று வரிசைப்படுத்துவது இந்த மதிப்பீட்டின் வேலை இல்லை. கடைகளில் கிடைக்கும் பேனா வகைகளை ஒரே கேள்வியை வைத்து எடைபோடுவதுதான் வேலை: கையையும் பேனாவையும் யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? திரையா, பேனா அனுப்பும் சமிக்ஞையா, செயலி போடும் ஊகமா? தமிழில் கையால் குறிப்பெடுக்கும் கல்லூரி மாணவர்கள், மலேசியக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவுக்குப் பாடம் தயாரிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், பிள்ளைக்கு முதல் டேப் வாங்கப் போகும் பெற்றோர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது. விலைகள் தோராயமானவை. கடைக்குக் கடை மாறும், பேரம் பேசினால் இன்னும் மாறும்.

திரைக்கு என்ன தெரிகிறது

இப்போதைய டேப், கைப்பேசி எல்லாவற்றிலும் இருப்பது கெப்பாசிட்டிவ் தொடுதிரை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கம்பி வலை ஒன்று விரித்திருக்கும். பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற, ஒளி ஊடுருவும் மின்கடத்தியால் ஆனது. குறுக்குக் கம்பிகள் மின்துடிப்பை அனுப்பும், நெடுக்குக் கம்பிகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். விரல் கிட்டே வந்தால் அந்த மின்புலத்தில் ஒரு பங்கை உடம்பு இழுத்துக்கொள்ளும். கேட்கும் கம்பிக்கு வரும் துடிப்பு கொஞ்சம் குறையும். அந்தக் குறைவைத்தான் திரை தொடுகை என்று எடுத்துக்கொள்கிறது. கம்பிகளுக்கு நடுவே 4, 5 மி.மீ. இடைவெளி இருந்தாலும், விரல் இரண்டு மூன்று கம்பிகளை ஒருசேரப் பாதிப்பதால், எதில் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போட்டு நடுப்புள்ளியை ஒரு மில்லிமீட்டருக்கும் நுணுக்கமாகச் சொல்லிவிட முடியும்.

இந்தக் கணக்கில் விரல் என்றோ பேனா என்றோ எதுவும் கிடையாது. எவ்வளவு குறைந்தது, எவ்வளவு பரப்பில் குறைந்தது, அவ்வளவுதான். உள்ளங்கையின் ஓரம், சுண்டுவிரல் மூட்டு, ரப்பர் முனை, பூனையின் பாதம் எல்லாம் திரைக்கு ஒரே சாதி. பரப்பு மட்டும் கூடக் குறைய இருக்கும்.

ஆண்ட்ராய்டோ ஐபேடோ ஒவ்வொரு தொடுகையையும் செயலியிடம் ஒப்படைக்கும்போது அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியே கொடுக்கும்: ‘இது விரல்’, ‘இது பேனா’. சில பேனாக்களின் பின்முனைக்கு ‘இது அழிப்பான்’ என்ற சீட்டும் உண்டு. அந்தச் சீட்டு என்னவென்று கீழே தொடுகையைப் படிக்கும் வன்பொருள்தான் முடிவு செய்கிறது. குறிப்புச் செயலிக்கு அதில் பங்கு இல்லை. தானாகச் சமிக்ஞை எதுவும் அனுப்பாத பேனாவுக்கு வன்பொருள் ஒட்டும் சீட்டு ‘விரல்’. எந்தச் செயலியைக் காசு கொடுத்து வாங்கினாலும் இது மாறாது. ‘இந்த ஆப் போட்டால் சரியாகிவிடும்’ என்று கடையில் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

ரப்பர் முனையும் வட்டுத் தகடும்

பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) உள்ளே கிடைக்கும் ரப்பர் முனைப் பேனா. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கைப்பேசி உறையோடு சேர்த்துச் சும்மாவே கொடுப்பார்கள். முனை ஏன் 5, 6 மி.மீ. பருமனாக இருக்கிறது என்றால், அதற்குக் குறைந்தால் திரை கவனிக்கும் அளவுக்குத் துடிப்பு குறையாது. பேனாவின் உடல் மின்கடத்தியாக இருக்க வேண்டும், எழுதுகிறவரின் தோல் அதில் பட வேண்டும். அப்போதுதான் முனையிலிருந்து உடம்பு வரை பாதை கிடைக்கும். பளபளப்பான தடித்த பூச்சுப் பூசிய உடலும், பிடிமானத்துக்காக மாட்டிய சிலிக்கோன் உறையும் இந்தப் பாதையை அறுத்துவிடும். பேனா ‘சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை’ என்ற புகார் வந்தால் முதலில் விரல் உலோகத்தில் படுகிறதா என்று பாருங்கள்.

முனையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வட்டு ஒட்டிய வகை இன்னொன்று. வட்டின் பரப்பு திரைக்குப் போதுமான குறைவைக் காட்டும். எழுதுகிறவருக்கு நடுப்புள்ளி எங்கே என்று கண்ணில் தெரியும். ரப்பரைவிட நிச்சயமாக மேல். ஆனால் வட்டு சுழலும் குண்டு மூட்டுக்குள் தூசி புகுந்தால் சாய்வு பிசகி ஓரம் தூக்கிக்கொள்ளும், கோடு அறுபடும். வட்டுக்கும் திரைக்கும் இடையே ஒரு மணல் துகள் சிக்கினால் கீறல் திரைக்கு விழும். ஒவ்வொரு முறையும் மென்துணியால் துடைத்துவிட்டு எழுதுவது நல்லது.

இரண்டுக்கும் கையைப் பிரிக்கத் தெரியாது. செயலியின் ஊகம் ஒன்றுதான் கதி. பெரிய பரப்பு வந்தால் உள்ளங்கை, சிறிய பரப்பு வந்தால் முனை, கீழிருந்து வந்தால் மணிக்கட்டு என்று செயலி கணிக்கும். வலக்கையா இடக்கையா, மணிக்கட்டு எந்தக் கோணத்தில் படுகிறது என்று அமைப்பில் கேட்கும் செயலிகள் இதைச் சற்று நன்றாகவே செய்யும். அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் கொடுங்கள். ஊகம் தவறுவது பெரும்பாலும் முதல் நொடியில்தான். உள்ளங்கை ஒரேயடியாகப் பதியாது. முதலில் சுண்டுவிரல் பக்கத்து ஓரம் ஒரு புள்ளியாகப் படும். அந்த நேரத்தில் அதன் பரப்பு பேனா முனை அளவுதான். செயலி அதைப் பேனா என்று நம்பி கோடு போட்டுவிட்டு, கை முழுதாக அமர்ந்த பிறகு விழித்துக்கொள்ளும். நல்ல செயலி அந்தக் கோட்டைத் திரும்ப எடுத்துவிடும், மற்றவை விட்டுவிடும்.

பெரிதாக்கி எழுதும் பட்டை இருக்கும் செயலியென்றால் பிழைத்தோம். அடியில் வரும் பட்டையில் எழுத, மேலே பக்கத்தில் சிறிதாகப் பதியும். பட்டைக்குக் கீழே உள்ள இடத்தில் கையை வைத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை. அந்த வசதி இல்லாதவர்கள் கைக்கு அடியில் 4, 5 மி.மீ. தடித்த அட்டையோ தக்கைத் துண்டோ வைக்கலாம். கைக்குட்டையை ஒரு மடிப்பு மடித்து வைப்பது பெரும்பாலும் பலிக்காது, மெல்லிய துணியைத் தாண்டித் திரை கையை உணர்ந்துவிடும். இரண்டு விரல் மட்டும் மூடும் ஓவியர் கையுறையும் மெல்லிய ஒற்றைத் துணி என்றால் கை வழுக்கிப் போக உதவும், தொடுகையைத் தடுக்காது. வாங்குவதென்றால் உள்ளங்கைப் பக்கம் பல அடுக்கு வைத்துத் தைத்ததாகப் பாருங்கள்.

‘எல்லாத் தொடுதிரைக்கும்’ பேனா: ஏமாற்றம் அதிகம் தருவது

முப்பது, நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கும் இதன் முனை 1.5 முதல் 2 மி.மீ. வரை இருக்கும். உள்ளே பேட்டரி, சிறு சுற்று ஒன்று. இவ்வளவு மெல்லிய முனை எப்படி வேலை செய்கிறது என்றால், திரையின் துடிப்பை முனை கேட்டு, அதற்கு நேர் எதிரான துடிப்பை வலுவாக்கித் திரும்ப அனுப்புகிறது. இரண்டும் கழிந்து, பெரிய விரல் ஒன்று பட்டது போன்ற குறைவு திரைக்குத் தெரிகிறது. அதாவது பேட்டரி போட்டு விரலாக வேடம் கட்டியிருக்கிறது இந்தப் பேனா. வேடம் எவ்வளவு பொருந்தினாலும் திரை ஒட்டும் சீட்டு ‘விரல்’ தான். இதைத் திரையில் வைத்துக் கையையும் வைத்தால் திரைக்கு இரண்டு விரல். இரண்டு விரல் என்றால் பக்கத்தைப் பெரிதாக்கு என்று பொருள்.

திரைக்குத் திரை துடிப்பின் வேகமும் வடிவமும் வேறு என்பதால், ஒரு கைப்பேசியில் ஒழுங்காக எழுதும் பேனா இன்னொன்றில் நடுங்கும். சாய்வுக் கோடு போட்டால் பாம்பு ஊர்ந்த மாதிரி நெளியும். நெளிவு சீரான இடைவெளியில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது கை நடுக்கம் இல்லை. முனை ஒவ்வொரு கம்பியையும் கடக்கும்போது நடுப்புள்ளிக் கணக்கு ஒரு பக்கம் இழுபடுவதால் வருவது. வேகமாக எழுதினால் மறைந்துவிடும், மெதுவாக எழுதும் சிறுவர்களுக்குத்தான் எடுப்பாகத் தெரியும்.

இந்த வகையில் இரட்டை முறைப் பேனாக்கள் வேறு வந்திருக்கின்றன. தலையை இரண்டு முறை தட்டினால் விளக்கின் நிறம் மாறும். ஒரு நிறத்தில் ஐபேட் முறை, இன்னொரு நிறத்தில் பொது முறை. பொது முறையில் கையைப் பிரிக்கும் வேலை நின்றுவிடும். ‘நேற்று வரை நன்றாக இருந்தது’ என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்களில் சிலர் நிறத்தை மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள்.

கையைத் தூக்கியபடியே படத்தில் வட்டம் போட, பட்டியலில் டிக் அடிக்க, கையெழுத்து ஒன்று போட இது போதும். ஒரு பக்கம் தமிழ் எழுத வேண்டுமென்றால் வாங்க வேண்டாம்.

ஐபேடுக்கு மட்டுமான மலிவுப் பேனா

விலைக்கு இதுதான் இந்த மதிப்பீட்டில் முதலில் நிற்கிறது. ஐம்பது வெள்ளியிலிருந்து நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். விரல் வேடம் போடாமல், ஆப்பிள் பென்சில் எந்த மொழியில் பேசுமோ அதையே பேசப் பார்க்கும். ஐபேடின் திரை அந்தச் சமிக்ஞையைத் தனியாகத் தேடிக்கொண்டிருக்கும். 2015-இல் ஆப்பிள் பென்சிலோடு வந்த முதல் ஐபேட் புரோ விரலை வினாடிக்கு 120 முறையும் பேனாவை 240 முறையும் தேடியது. விரலுக்கு ஒரு காது, பேனாவுக்கு ஒரு காது. பேனாக் காதில் விழுந்தது பேனா, மற்றதெல்லாம் கை. ஊகத்துக்கு வேலையே இல்லை. இந்த வகைப் பேனாக்களில் பெரும்பாலானவற்றுக்குப் புளூடூத்தில் இணைக்கவும் தேவையில்லை. தலையைத் தட்டினால் போதும்.

பெட்டியில் ‘2018 முதல் வந்த’ என்று இருப்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஐபேட் வாங்குகிறவர்கள் வழுக்கும் இடம் இது. 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபேடும் 2018-இல் வந்த ஆறாம் தலைமுறையும் வெளித்தோற்றத்தில் ஒன்றேதான். முன்னதன் திரைக்குப் பேனாக் காது கிடையாது. அமைப்புகளில் பொது, அதற்குள் அறிமுகம் என்ற பக்கத்தில் மாடல் எண்ணை ஒரு தட்டுத் தட்டினால் ‘ஏ’ என்று தொடங்கும் எண் வரும். ஏ1822, ஏ1823 என்றால் ஐந்தாம் தலைமுறை, இந்த வகைப் பேனா எதுவும் அதில் கையைப் பிரிக்காது. ஏ1893, ஏ1954 என்றால் ஆறாம் தலைமுறை, தைரியமாக வாங்கலாம்.

கடையிலேயே சோதிக்க எளிய வழி உண்டு. ஐபேடின் நோட்ஸ் செயலியில் வரையும் பட்டையைத் திறந்து, மூன்று புள்ளிக்குள் இருக்கும் ‘விரலால் வரை’ என்பதை அணைத்துவிடுங்கள். இப்போது பேனாவால் கோடு விழுந்தால் திரை அதற்குப் பேனாச் சீட்டு ஒட்டுகிறது என்று பொருள். கோடு விழாமல் பக்கம் மட்டும் நகர்ந்தால், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அது விரல் வேடப் பேனா.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அழுத்த உணர்வு இல்லை. அழுத்தினால் கோடு தடிக்காது. சாய்த்தால் மட்டும் பென்சில் நிழல் அகலமாகும் வகைகள் உண்டு. எழுதுவதற்கு இது குறையே இல்லை. தூரிகைக் கோடு, கோலத்தின் ஏற்ற இறக்கம், ஓவியம் என்று போகிறவர்களுக்குப் போதாது. நாள்பட்டால் வரும் கோளாறு ஒன்றுண்டு: கோடு விட்டு விட்டு விழும். பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் முனையைக் கடிகாரச் சுற்றில் மெல்லத் திருகிப் பாருங்கள். திருகு கால் சுற்றுத் தளர்ந்தாலே சமிக்ஞை முனைக்கு ஒழுங்காகப் போகாது.

அசல் ஆப்பிள் பென்சிலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். யுஎஸ்பி-சி வகையில் அழுத்த உணர்வு கிடையாது. முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, புரோ ஆகிய மூன்றிலும் உண்டு. எது எந்த ஐபேடோடு சேரும் என்பது குழப்பமான கணக்கு. எம்2 சில்லு உள்ள ஐபேட் ஏரோடு பென்சில் புரோ சேரும், இரண்டாம் தலைமுறை சேராது. வாங்கும் முன் ஆப்பிளின் பட்டியலில் உங்கள் மாடலைத் தேடிவிட்டுப் போங்கள். குறிப்பெடுக்க மட்டும் என்றால் மலிவுப் பேனாவுக்கும் அசலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் நல்ல திரைக் காப்பும் மாற்று முனைகளும் வாங்கிவிடலாம்.

எஸ் பென்: தனி ஏற்பாடு

சாம்சங்கின் எஸ் பென் கெப்பாசிட்டிவ் வலையை நம்பி இருப்பதில்லை. 2011-இல் கேலக்ஸி நோட்டோடு வந்தது முதல், வாகோம் நிறுவனத்தின் மின்காந்த ஒத்ததிர்வு முறையில் வேலை செய்கிறது. காட்சித் திரைக்குப் பின்னால் தனித் தகடு ஒன்று இருக்கும். அது காந்தப்புலத்தை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதில் சக்தியை எடுத்து, அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பும். எழுதுவதற்குப் பேட்டரி தேவையில்லை. சில மாடல்களில் உள்ளே இருக்கும் சிறு மின்சேமிப்பு தொலைவிலிருந்து பொத்தான் அழுத்த மட்டுமே. அது காலியானாலும் எழுத்து நிற்காது.

கை வேறு வலையில், பேனா வேறு தகட்டில். இதைவிடச் சுத்தமான பாகப்பிரிவினை கிடையாது. முனை திரைக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் வரும்போதே தகடு அதை அறிந்து, கைத்தொடுகையைப் புறக்கணிக்கத் தொடங்கிவிடும். எழுதும்போது இடக்கையால் பக்கத்தை நகர்த்த முடியவில்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். அது கோளாறு இல்லை, காரணம் இதுதான். பிழை வருவது வரிசை மாறும்போது: பேனா மேலே இருக்க, கை முதலில் பதிந்தால் அந்தக் கணம் திரைக்குக் கை மட்டும்தான் தெரியும். சாம்சங் நோட்ஸில் பேனாவுக்கு மட்டும் என்ற முறையைப் போட்டுவிட்டால் அதுவும் தீரும்.

கவனிக்க வேண்டியது காந்தம். தகடு காந்தப்புலத்தை நம்பி இருப்பதால், வலுவான காந்தம் வைத்த உறை போட்டால் குறிப்பிட்ட ஒரு மூலையில் மட்டும் கோடு விலகும் அல்லது காணாமல் போகும். எப்போதும் ஒரே இடத்தில் பிசகுகிறது என்றால் உறையைக் கழற்றிவிட்டு எழுதிப் பாருங்கள்.

இதே முறையில் வேலை செய்யும் வேறு நிறுவனப் பேனாக்களும் கேலக்ஸி டேப்களில் எழுதும். ஸ்டெட்லர் நோரிஸ் டிஜிட்டல் அப்படிப்பட்டது. பள்ளிப் பென்சில் மாதிரியே பிடிக்க வாகாக இருப்பதால் சிறுவர்களுக்கு ஏற்றது. மடிக்கும் இசட் ஃபோல்டு திரையில் மட்டும் சாதாரண எஸ் பென்னை வைக்கக் கூடாது. ஃபோல்டு3 முதல் ஃபோல்டு6 வரையிலான மாடல்களுக்கென்று தனி அலைவரிசையில், மென்மையான முனையோடு செய்த பேனா உண்டு.

அடுத்த பொறி மாடல் பெயரில் இருக்கிறது. டேப் எஸ்6 லைட் பெட்டிக்குள் பேனாவோடு வரும். டேப் ஏ9, ஏ9 பிளஸ் இரண்டிலும் அந்தத் தகடே இல்லை. எஸ் பென்னைத் தனியாக வாங்கி அவற்றில் வைத்தால் ஒரு புள்ளிகூட விழாது. பிள்ளைக்கு எழுதுவதற்கென்றே டேப் வாங்குகிறவர்கள் நினைவகம் எத்தனை ஜிபி என்று கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

விண்டோஸ், குரோம்புக் பேனாக்கள் வேறு கூட்டம். மைக்ரோசாப்ட் சர்ஃபேஸ் பேசும் மொழி ஒன்று, வாகோமின் இன்னொரு முறை வேறொன்று, குரோம்புக்குகளில் பரவலாக இருக்கும் யுஎஸ்ஐ மூன்றாவது. ஹுவாவே, ஷாவ்மி டேப்களுக்கு அவரவர் பேனா. ஒன்றின் பேனா பொதுவாக மற்றதில் எழுதாது. எந்த மொழி என்று டேப்பின் விவரப் பக்கத்தில் பார்த்துவிட்டு, அதே பெயர் பெட்டியில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பழைய வகைகள் சிலவற்றுக்கு நான்கு ‘ஏ’ அளவு பேட்டரி வேண்டும். மூலைக் கடையில் கிடைப்பது மூன்று ‘ஏ’தான்; அது உள்ளே நுழையவே நுழையாது.

புள்ளி விழுகிறதா?

இணையத்தில் வரும் பேனா மதிப்பீடுகள் பெரும்பாலும் ஆங்கிலக் கையெழுத்தை வைத்துச் செய்தவை. தமிழுக்கு அது போதாது, நம் எழுத்தில் உயிர்நாடி புள்ளி. ஒரு புள்ளி விழாவிட்டால் பல் பல ஆகும், கல் கல ஆகும். கல்வி என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே கண்டிருப்பார்கள்.

புள்ளி ஏன் விழாமல் போகிறது? விரல் வேடப் பேனாக்களில் மூன்று காரணங்கள் இருக்கலாம். தொடுகை மிகக் குறுகியதாக இருந்தால் இரைச்சல் என்று நினைத்துத் திரை தள்ளிவிடும். கோடாக நகராத சிறு தட்டலை எழுத்தாக எடுக்காமல், தேர்ந்தெடு என்ற கட்டளையாகச் செயலி எடுத்துக்கொள்ளும். இன்னும் மோசம், அடுத்தடுத்து வரும் இரண்டு புள்ளிகளை இரட்டைத் தட்டல் என்று படித்துப் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். பேனாச் சீட்டு உள்ள தொடுகைக்கு இந்தச் சந்தேகமெல்லாம் எழாது. பேனா பட்டால் மை என்று செயலிக்குத் தெரியும்.

சோதிக்க ஒரு வாக்கியம் போதும்: ‘கண்ணன் பள்ளிக்குச் சென்றான்’. உள்ளங்கையை நன்றாக அமர்த்தி, வழக்கமான வேகத்தில், பத்து முறை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஏழு புள்ளி இருக்க வேண்டும், ஆக எழுபது. எண்ணிப் பாருங்கள். ஒன்று இரண்டு குறைந்தால் பழகிக்கொள்ளலாம். வரிக்கு ஒன்று குறைந்தால் அந்தப் பேனாவை வைத்துவிட்டு வாருங்கள். அதே வரிகளில் மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். சிறிய எழுத்தில் சுழிகள் கோணலாக மடிந்து முக்கோணமாகத் தெரிந்தால், திரை வினாடிக்குப் போதுமான முறை முனையைப் படிக்கவில்லை, அல்லது செயலி கோட்டை அளவுக்கு மீறி மழுப்புகிறது. செயலியில் கோட்டை மென்மையாக்கும் அளவைக் குறைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட விரல் வேடப் பேனாவோடு காலம் தள்ள வேண்டியவர்கள் புள்ளியைத் தட்டாமல், கடுகளவு வட்டமாகச் சுழிக்கலாம். செயலி அதைக் கோடாக எடுத்துக்கொள்ளும்.

வியர்வை, சார்ஜர், திரைக் காப்பு

கோலாலம்பூர் வெயிலில் நடந்து வந்த கையோடு திரையில் எழுதினால் எந்தப் பேனாவும் கொஞ்சம் தடுமாறும். வியர்வைப் படலம் மின்கடத்தி. கைக்கு அடியில் பரவி, உள்ளங்கையின் பரப்பை ஒழுங்கற்றதாக்கும்; கையை எடுத்த பிறகும் ஈரத்திட்டு தொடுகை போலவே நிற்கும். ஊகத்தை நம்பும் ரப்பர் முனையில் இது பெரும் தொல்லை, ஆப்பிள் முறையில் சிறு தொல்லை, எஸ் பென்னின் கோட்டைத் தொடவே தொடாது. குளிரூட்டிய அறையிலிருந்து டேப்பை வெளியே எடுத்தால் கண்ணாடியில் பனிக்கும். துடைத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள்.

சார்ஜ் ஏறும்போது மட்டும் கோடு நடுங்கினாலோ, யாரும் தொடாமல் திரை தானாகத் துள்ளினாலோ பேனாவை விட்டுவிட்டு சார்ஜரைச் சந்தேகியுங்கள். மலிவான சார்ஜர் தன் உள் இரைச்சலைக் கம்பி வழியாக டேப்புக்கு முழுதாகக் கடத்தும். டேப் தன் மின்னழுத்தத்தை அளக்க வைத்திருக்கும் அடிமட்டமே ஆடும்போது, தரையோடு தொடர்புள்ள கை திரையைத் தொட்டால் அந்த ஆட்டம் தொடுகைச் சமிக்ஞையோடு கலந்துவிடும். கம்பியைப் பிடுங்கினதும் கோடு நேரானால் முடிவு தெரிந்துவிட்டது. மலேசியத் தரச்சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை உள்ள சார்ஜராகப் பார்த்து மாற்றுங்கள். நடுக்கம் போவதோடு வீட்டுக்கும் பாதுகாப்பு.

திரைக் காப்பில் 0.33 மி.மீ. கண்ணாடி பொதுவாகப் பிரச்சினை தராது. விளிம்பில் மட்டும் பசை போட்டு ஒட்டும் வகையில் நடுவே காற்று இடைவெளி நிற்பதால் தொடுகை பலவீனமாகும், புள்ளிகள் முதலில் போகும். சாம்சங்கில் காட்சி அமைப்புக்குள் தொடு உணர்திறனைக் கூட்டும் பொத்தான் இருக்கிறது, ஆனால் அது உள்ளங்கையையும் சேர்த்தே கூர்மையாக்கும் என்பதை மறக்க வேண்டாம். தாள் போலச் சொரசொரப்பான படலம் எழுத இதமாக இருக்கும், சுழிகள் வழுக்காது. அதற்கு விலையாக முனை வேகமாகத் தேயும். பிளாஸ்டிக் தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் தெரியத் தொடங்கினால் அன்றே மாற்றிவிடுங்கள், கீறல் படலத்தோடு நிற்காது.

வாங்கும் இடத்தில்

உங்கள் டேப்பையே கையில் கொண்டு போங்கள். கடையின் மாதிரி டேப்பில் எழுதிக் காட்டியது உங்கள் டேப்புக்குச் சான்று ஆகாது. ‘போலே சுபா?’ (போட்டுப் பார்க்கலாமா?) என்று மலாயில் கேட்டால் பல கடைகளில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். திறக்க மறுக்கும் கடையில், ஒத்துவராவிட்டால் மாற்றிக் கொடுப்பதாக ரசீதில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அதுவும் முடியாது என்றால் அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது. ரசீதில் வெறுமனே ஸ்டைலஸ் என்று இல்லாமல் எந்த மாடல் டேப்புக்கு என்று கேட்டு வாங்கினீர்களோ அதையும் எழுதச் சொல்லுங்கள். வாங்குகிறவர் சொன்ன நோக்கத்துக்குப் பொருள் உதவ வேண்டும் என்பது மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. நோக்கத்தைச் சொன்னதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

இணையத்தில் வாங்குவதானால் தலைப்பை நம்ப வேண்டாம். ஒரே தலைப்பில் ஐபேட், ஆண்ட்ராய்டு, விண்டோஸ் எல்லாப் பெயரையும் கோத்து வைத்து, தேர்வுப் பட்டியலில் மட்டும் வகையைப் பிரித்திருப்பார்கள். கறுப்பு, வெள்ளை என்று நிறம் தேர்ந்தெடுப்பதாக நினைத்துப் பொது வகையைத் தேர்ந்தெடுத்துவிடுவது சுலபம். விவரத்தில் கையைப் புறக்கணிக்கும் வசதி இருப்பதாகச் சொல்லியிருந்தாலும், அது எந்த மாடல்களில் என்று பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள். மாடல் பெயர் இல்லாமல் அந்த வசதியை மட்டும் சொல்லும் விளம்பரம் என்றால் பெரும்பாலும் பெட்டிக்குள் ஒரு கையுறையைப் போட்டு அனுப்புவார்கள்.